கிளுவையும் சீமைக்கிளுவையும்: ஒரு வேலி வேர்பிடித்த விதம்

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. தெற்கு வேலியின் கதியால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மூன்றைத் தவிர எல்லாம் அசையாமல் நிற்கின்றன. 2023 ஐப்பசியில் தொடங்கிய வேலை இப்போதுதான் வேலி என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது. இடையில் கிளுவைக் கதியால்களில் முக்கால்வாசியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் மதிலும் தகரமும் வந்த பிறகு உயிர்வேலி நட்டுப் பழகியவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன்.

கதியால் என்பது நட்டால் துளிர்க்கும் தடி. தமிழ்நாட்டில் போத்து என்பார்கள். எங்கள் வளவு வலிகாமத்துச் செம்பாட்டு மண். தெற்குப் பக்கம் ஒழுங்கையை ஒட்டி 110 அடி, மேற்குப் பக்கம் தோட்டத்தை ஒட்டி 60 அடி. பழைய பூவரச வேலி உளுத்து, மாரியில் நனைந்த பாரத்தோடு ஒழுங்கைக்குள் சாய்ந்தது. மேசனைக் கூப்பிட்டு மதிலுக்குக் கணக்குக் கேட்டதில் தொகை ஆறு இலட்சத்தைத் தாண்டியது. சரி, வேலியே நடுவோம் என்று முடிவாயிற்று.

மரத்தைத் தெரிவதில்தான் யோசனை. கிளுவை இங்கே காலங்காலமாக வேலியில் நிற்கும் மரம். சீமைக்கிளுவை மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். கிளைரிசிடியா என்று விவசாயத் திணைக்களக் கையேடுகளில் இருப்பது அதுதான். பேரைப் பார்த்து இரண்டையும் உறவு என்று நினைக்க வேண்டாம். கிளுவை குங்கிலியக் குடும்பம். குக்குலும் வெள்ளைப்போளமும் தரும் மரங்கள் அதன் நெருங்கிய சொந்தம். சீமைக்கிளுவை அவரைக் குடும்பம். பயற்றைக்கும் அகத்திக்கும் முள்முருக்குக்கும் சொந்தம். இந்தக் குடும்ப வேறுபாடு நடவில், நீரில், பூச்சியில், ஆட்டின் வாயில் என்று ஒவ்வொரு இடத்திலும் எனக்கு முன்னால் வந்து நின்றது.

எனக்கு இரண்டிலும் ஆசை இருந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, தோட்டத்துக்கு என்ன போடுவது என்று தெரியாமல் நின்ற மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது சீமைக்கிளுவைக் குழைக்கு அலைந்திருக்கிறேன். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005 இலேயே அரசு அறிவித்த மரம் அது. குழை உரமாகும், தடி விறகாகும். ஆனால் நீண்ட காலம் நிற்கும் வேலிக்குக் கிளுவைதான் என்று வயதானவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆகவே தெற்குப் பக்கத்தில் அடிக்கு ஒரு கதியால், ஒன்று விட்டு ஒன்று இரண்டையும் கலந்து நடுவது. மேற்கில் சீமைக்கிளுவை மட்டும் ஒன்றரை அடிக்கு ஒன்று. இதுதான் முதல் திட்டம். கலந்து நட்டது ஏன் சரிவரவில்லை என்பது பின்னால் வரும்.

கதியால் வெட்டும்போதே இரண்டும் வேறு மரம் என்று கைக்குத் தெரிந்துவிடும். கிளுவையின் மேற்பட்டை காகிதத் தாளாக உரியும். அதன் கீழ் நகத்தால் கீறினால் பளிச்சென்ற பச்சை. இலை இல்லாத கோடையிலும் அந்தப் பச்சைப் பட்டை வேலை செய்துகொண்டே இருக்கும். வெட்டுவாயில் பிசின் கசிந்து கோயில் வாசம் வரும். கையில் ஒட்டினால் சவர்க்காரத்துக்குப் போகாது, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். தடி மென்மையானது, தண்ணீரால் கனத்திருக்கும். கத்தியால் ஓங்கி வெட்டினால் அடி பிளந்து பட்டை கிழிகிறது. அதனால் கிளுவைக்குக் கத்தியை வைத்துவிட்டு வாளை எடுத்தோம். சீமைக்கிளுவைத் தடி சாம்பல் நிறம், மேலே வெள்ளைப் புள்ளிகள். கூரான கத்திக்கு ஒரே வெட்டில் சரிவாக அறுபடும். குழையை வெட்டிப் போட்டால் வாடத் தொடங்கியதும் இனிப்பான மணம் வரும்.

அளவு: இரண்டுக்கும் நீளம் ஆறரை அடி. ஒன்றரை அடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. சீமைக்கிளுவை ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் குறுக்களவு, ஒரு வயதைத் தாண்டிய கிளை. அதைவிட இளசாக வெட்டினால் வெயிலில் சுருங்கிவிடும். கிளுவை முன்கைப் பருமன், இரண்டரை முதல் மூன்று அங்குலம். மேல் நுனி தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக. இலை உதிர்ந்த கிளுவைத் தடியில் தலை எது, அடி எது என்று குவியலுக்குள் தெரியாது. வெட்டியவுடன் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் தலைகீழாக நடும் சிக்கல் இல்லை. சீமைக்கிளுவையின் அடியில், மண்ணுக்குள் போகும் பகுதியில், பட்டையை மூன்று இடத்தில் நெடுக்காகக் கீறிவிட்டோம். கீறிய இடங்களிலிருந்து வேர் எழும்பும்.

குழி தோண்டியது அலவாங்கால், அதாவது கடப்பாரையால். முதல் நாள் பின்னேரம் கயிறு பிடித்து நேர்கோட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டால் செம்பாட்டு மண் விடியவே இளகிக் கொடுக்கும். ஆனால் எங்கள் பக்கம் மண் ஆழம் சீரில்லை. சில இடத்தில் ஒன்றரை அடி சிரமமில்லாமல் இறங்கும். சில இடத்தில் ஒரு அடியிலேயே சுண்ணக்கல்லில் அலவாங்கு கணீரென்று மோதும். கதியாலை நேராக மண்ணில் குத்தியோ மேலே அடித்தோ இறக்கக் கூடாது. அடிப் பட்டை நசுங்கினால் வேர் வர வேண்டிய இடமே போய்விடும். குழிக்குள் இறக்கி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அலவாங்கின் மழுங்கிய முனையால் சுற்றி இடித்தோம். காற்றுப் பொந்து இருந்தால் அந்த இடத்தில் தடி காய்கிறது.

ஐப்பசியில், மழை நன்றாகப் பிடித்த வாரத்தில், எல்லாவற்றையும் ஒன்றாக நட்டு முடித்தோம். தெற்கில் கிளுவை 55, சீமைக்கிளுவை 55. மேற்கில் சீமைக்கிளுவை 40. இரண்டு வரிசைப் பனஞ்சலாகையைக் குறுக்கு வரிச்சாகப் பிடித்துக் கட்டினோம்.

கார்த்திகையில் எல்லாமே துளிர்த்தன. கிளுவையும்தான். வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மார்கழி நடுவில் கிளுவைத் துளிர் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொடங்கியது. ஒன்றைப் பிடுங்கினேன். சிரமமே இல்லாமல் கையோடு வந்தது. அடி ஒரு சாணுக்குக் கறுத்து வழுவழுத்து, புளித்த நாற்றம். ஒரு வேர்கூட இல்லை. தடிக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரையும் சத்தையும் வைத்தே அது துளிர்த்திருக்கிறது. பக்கத்தில் நின்ற சீமைக்கிளுவையைப் பிடுங்கிப் பார்க்க மனம் வரவில்லை. ஓரமாகக் கிளறிப் பார்த்தேன். கீறிய மூன்று இடத்திலும் வெள்ளை வேர் விரலளவு நீண்டிருந்தது. ஒரே குழி வரிசை, ஒரே மழை.

மாரி முடிவில் கணக்கு: சீமைக்கிளுவை 95 இல் 88 பிழைத்தது. கிளுவை 55 இல் 14.

அந்தப் பதினான்கும் எங்கே நின்றன என்று பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. பெரும்பாலானவை மேடான கிழக்கு மூலையில், தண்ணீர் நிற்காத இடத்தில். அத்தோடு, வெட்டி நாலைந்து நாள் கொட்டிலில் கிடந்து கடைசியாக நட்ட தடிகளும் அவைதான். கிளுவை வறண்ட நிலத்து மரம். தடியே தண்ணீர்த் தொட்டி. வெட்டுவாய் ஆறாமல் பச்சையாகச் சேற்றுக்குள் வைத்தால் அழுகாமல் என்ன செய்யும்? சீமைக்கிளுவைக்கு நேர்மாறு. அதை இரண்டு நாளைக்கு மேல் வைத்திருந்தால் பட்டை சுருங்கிப் பலன் குறைகிறது. ஒரே நாளில் வெட்டி ஒரே நாளில் நடுவது ஒன்றுக்குச் சரி, மற்றதுக்குக் கேடு.

கிளுவையின் இரண்டாம் நடவு 2024 சித்திரையில். பங்குனிக் கடைசியில் மரம் மொட்டையாக நின்றபோது வாளால் அறுத்து, மாமரத்து நிழலில் சுவரோடு நிறுத்தி வைத்தோம். மண்ணில் படுக்கப் போடவில்லை. இரண்டு கிழமைக்குள் வெட்டுவாயில் பிசின் வடிந்து இறுகி, மஞ்சள் படலமாக மூடிக்கொண்டது. விரலால் தேய்த்தால் காய்ந்த பசை மாதிரி கட்டியாக இருக்க வேண்டும். ஒட்டினால் இன்னும் நாள் போக வேண்டும். மேல் வெட்டுக்குச் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசினோம். சித்திரை மழை ஒன்று பெய்து மண் ஈரமானதும் 41 கதியால் நட்டோம். நட்ட அன்று ஒரு செம்பு தண்ணீர் மட்டும். அதன் பிறகு கோடை முழுவதும் ஊற்றவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது பெரிய கவலையாக இருந்தது. எனக்கும்தான்.

வைகாசியில் துளிர்த்தது. முதல் துளிரை இந்தமுறை நம்பவில்லை. அது வாடி உதிர்ந்து, மாரியில் மறுபடி தழைத்தவற்றை மட்டுமே பிழைத்தது என்று எழுதினேன். 41 இல் 36.

இடையில் ஒழுங்கையில் போகிற ஆடுகள். இதில் இரண்டு மரமும் எதிரெதிர். கிளுவைத் துளிரைக் கண்டால் ஆடு விடாது. முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டிய உயரம் வரை மொட்டையடித்துவிடும், இளம் பட்டையையும் உரிக்கும். சீமைக்கிளுவையைப் பச்சையாக மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. வெட்டி அரை நாள் வாட வைத்து, வேறு குழையோடு கலந்து போட்டால் நாளடைவில் பழகித் தின்கின்றன. ஆகவே வெளிப்பக்கம் ஆட்டுக்கு எதிராக நிற்க வேண்டியது சீமைக்கிளுவை. பாதுகாப்புத் தேவைப்பட்டது கிளுவைக்கு. கிளுவைகளைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குப் பனங்கருக்கு மட்டை வைத்துக் கட்டினோம். பணம் செலவில்லை, கை கீறல்தான். இரண்டு மாரிக்கு அது தாங்கியது. அதற்குள் கிளை ஆட்டுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

கட்டும் கயிறு பற்றி ஒரு வார்த்தை. வரிச்சை முதலில் மெல்லிய கட்டுக் கம்பியால் கட்டியிருந்தோம். ஒரு வருடத்துக்குள் சீமைக்கிளுவை பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்து, மேலே வீங்கிக் கீழே ஒடுங்கியது. காற்றுக்கு இரண்டு தடி அந்த இடத்திலேயே முறிந்தன. மிச்சக் கம்பி எல்லாவற்றையும் குறட்டால் வெட்டி எடுத்துவிட்டுத் தும்புக் கயிறு போட்டோம். அது ஒன்றரை வருடத்தில் உக்கிவிடும். அதற்குள் கதியால் தன் காலில் நிற்கும். கிளுவை மெதுவாகப் பருப்பதால் கம்பியும் அதைப் பெரிதாக வருத்தவில்லை.

2024 ஐப்பசியில் மேற்கு வேலியில் முதற் குழை வெட்டு. நாலரை அடி உயரத்தில் தலையை வெட்டி, தொங்கல் தராசில் நிறுத்தேன். கதியாலுக்குச் சராசரி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் 70 கிலோவை ஒட்டி வந்தது. எல்லாம் வாழை அடிக்குப் போனது. மழைக்காலத்தில் மூன்று மாதத்துக்குள் அடுத்த வெட்டுக்கு வந்துவிடும். வெட்டிய தடிகளைக் காயவைத்தால் நல்ல விறகு, புகை குறைவு. கிளுவையில் இந்த இரண்டும் கிடையாது. குழை குறைவு, விறகுக்கு உதவாது. ஆனால் கிளுவைக்குச் செய்ய வேண்டிய வேலையும் எதுவுமில்லை. நட்டுப் பிழைத்தபின் கத்தி கேட்காது, தண்ணீர் கேட்காது. முதல் நடவில் பிழைத்த மூலைக் கதியால்களில் இப்போது காயும் வந்திருக்கிறது. பழுத்துத் தோல் வெடித்தால் உள்ளே கறுத்த விதை, அதைப் பாதி மூடிச் சிவப்பு உறை. கொண்டைக்குருவிகள் விடிய முதலே வந்துவிடுகின்றன.

சீமைக்கிளுவைக்கு அவரைக் குடும்பத்தின் நன்மையும் தீமையும் சேர்ந்தே வரும். மேற்கு வேலியடியில் கிளறியபோது வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மகிழ்ச்சியாக இருந்தது. தீமை தை மாதத்தில் வந்தது. இளங்குருத்து முழுவதும் சாறு உறிஞ்சும் கறுப்பு அழுக்கணவன் பூச்சி, கீழ் இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரிப்பூஞ்சணம். அதே அழுக்கணவன்தான் பயற்றைக்கும் எதிரி. வேலியிலிருந்து ஆறடி தள்ளி இருந்த பயற்றைப் பாத்திக்கு ஒரு கிழமையில் இறங்கிவிட்டது. குருத்துகளை வெட்டிப் புதைத்தேன். பாத்திக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து அடித்தேன். பயற்றையில் பாதிதான் மிஞ்சியது. இப்போது மார்கழி முடிவில் மேற்கு வேலிக் குருத்துகளை ஒட்ட வெட்டிவிடுகிறேன், பயற்றையை வளவின் மறு அந்தத்துக்கு மாற்றிவிட்டேன். அருகில் நின்ற கிளுவையில் ஒரு அழுக்கணவன்கூட ஏறவில்லை.

இனித் தெற்கு வேலியின் கலப்பு. கிளுவை மெதுவாக வளரும், வெயில் கேட்கும் மரம். சீமைக்கிளுவை ஒரு மாரிக்குள் எட்டடிக்கு எழும்பிக் குடை விரிக்கும். நடுவில் அகப்பட்ட கிளுவைகள் வெயில் தேடி ஒழுங்கைப் பக்கம் சாய்ந்தன. மேலே பெரிய தலையோடு நின்ற சீமைக்கிளுவையை 2024 சோளகம் பிடித்து ஆட்டியது. தடி நட்டு வந்த மரத்துக்கு ஆணிவேர் இல்லை, பக்கவேர்தான். ஈரமில்லாத மண்ணிலும் நாலு கதியால் கல்லோடு கிளம்பின. அப்புறம்தான் வேலையை மாற்றினேன். சித்திரைக் கடைசியில், காற்றுக்கு முன், தெற்குப் பக்கச் சீமைக்கிளுவை எல்லாவற்றையும் மூன்றரை அடிக்கு வெட்டிக் குட்டையாக்கினேன். கிளுவைக்கு வெயில் கிடைத்தது, காற்றுக்குப் பிடிக்கத் தலை இல்லை. இந்த வைகாசியில் கதியால்கள் ஆடாமல் நிற்பதற்கு இந்த வெட்டுத்தான் முக்கிய காரணம் என்று நினைக்கிறேன்.

செலவு இலங்கை ரூபாயில். கிளுவைக் கதியால், பழைய வேலியைப் பிரித்த ஒருவரிடம் ஒன்று 80 ரூபாய். இரண்டு நடவுக்குமாக 96 கதியால், 7,680. சீமைக்கிளுவை உறவினர் தென்னங்காணியில் இலவசம், ஏற்றிவர 3,000. கூலி முதல் நடவுக்கு இரண்டு பேர் இரண்டு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 3,500 வீதம் 14,000. இரண்டாம் நடவுக்கு ஒருவர், 3,500. பனஞ்சலாகை 4,500. தும்புக் கயிறு 1,800. மொத்தம் 34,480. கிளுவையை முதலிலேயே ஆற வைத்து நட்டிருந்தால் இதில் ஏழாயிரத்துக்குக் கிட்ட மிஞ்சியிருக்கும்.

மறுபடி இதே வளவில் தொடங்குவதானால் கலக்க மாட்டேன். ஒழுங்கைப் பக்கம் முழுவதும் கிளுவை, ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று, சித்திரையில். தோட்டப் பக்கம் சீமைக்கிளுவை, ஐப்பசி முதல் மழையில். அதிலும் காற்று நேரே அடிக்கும் தென்மேற்கு மூலைக்குத் தடி நடாமல் விதை போடுவேன். விதையில் வந்த மரத்துக்கு வேர் ஆழம். நெற்று பங்குனி, சித்திரை வெயிலில் சட்டென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். பழுப்பாகத் தொடங்கும்போதே பறித்துச் சாக்கில் கட்டி வெயிலில் வைத்தால் விதை சாக்குக்குள்ளேயே விழும். இந்த வருடம் அப்படி ஒரு சிரட்டை நிறைய எடுத்து வைத்திருக்கிறேன்.

மீதி இருப்பது தெற்கு வேலியில் ஒரு பன்னிரண்டு அடித் துண்டு. அங்கே ஒன்பது அங்குலத்தில் கல். மேலே சொன்ன ஆடுகிற மூன்று கதியாலும் அதற்குள்தான் நிற்கின்றன. ஆவணியில் கல்லுடைக்கும் ஒருவரைக் கொண்டு இரண்டடிக்கு ஒரு குழி உடைப்பித்து, செம்மண் நிரப்பி ஒரு மாரி ஆற விட்டு, அடுத்த சித்திரையில் கிளுவை வைப்பதாக இருக்கிறேன். குழிக்கு 600 ரூபாய் கேட்கிறார். ஆறு குழி.